மூன்றாம் தந்தியும் மூன்றாம் ஓலையும்

அன்பு மகனுக்கு,

உன் மாமனாராக வரப்போகிற, வள்ளம் கட்டுகிற ஓடாவியார் என் கிற்றாரில் தந்திகளுக்குக் கீழே நிற்கிற ஆறு திருகாணிகளையும் ரசமட்டம் வைத்து ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, அவை இனி அசையக் கூடாது என்று வள்ளத்துப் பலகை நீக்கலுக்குப் பூசுகிற குங்கிலியத்தைக் காய்ச்சி மேலே ஊற்றிவிட்டார். நீ கிற்றாரை ஆடாமல் மடியில் பிடித்துக்கொண்டு இருந்தாய். நடந்த அநியாயம் இதுதான். ஊரில் வேறு நாலு விதமாகக் கதைக்கிறார்கள். அவற்றைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். முதலில் இது எழுத்தில் இருக்கட்டும்.

நேரில் சொல்லலாமே என்று கேட்பாய். புதன்கிழமை நீ வாசலில் நின்று "கதவைத் திறவணை அம்மா" என்று கூப்பிட்டபோது நான் உள்ளே தையல் மெசினை மிதித்துக்கொண்டிருந்தேன். ஊசியில் நூலே இல்லை, சும்மாதான் மிதித்தேன். திறந்திருந்தால் நீ இரண்டு பகிடி விட்டு என்னைச் சிரிக்க வைத்திருப்பாய். சிரித்த பிறகு எனக்குக் கோபத்தைப் பிடித்து வைக்கத் தெரியாது. இந்தக் கோபத்தை நான் விடுவதாக இல்லை, ஆகவே எழுதுகிறேன். இதை நீ பட்டறையில் எல்லோருக்கும் உரத்து வாசித்துக் காட்டுவாய் என்பதும் தெரியும். காட்டு. ஓடாவியாரும் கேட்கட்டும்.

அது யாருடைய கிற்றார் என்பதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் சித்தப்பா ஊர் ஊராகப் போய் இசைக்குழுவில் வாசித்தது அது. எண்பத்து நாலில் ஜெர்மனிக்குப் புறப்பட்ட அன்று, "மச்சாள், இதை நீங்கள் வைச்சிருங்கோ. அண்ணையிட்டைக் குடுத்தால் துடுப்பெண்டு நினைச்சுக் கடலுக்குக் கொண்டுபோயிடுவார்" என்று சொல்லி என் கையில்தான் தந்தான். உன் அப்பாவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார், மறுக்கவில்லை. எனக்கு ஒரு பாட்டுக்கூட வாசிக்க வராது என்பது வேறு விஷயம். வாசிக்க நீ இருந்தாய். பள்ளிக்கூடத்துக் காற்சட்டையோடு அதைத் தூக்கிக் கழுத்தில் போட்டால் அது உன் முழங்கால் வரைக்கும் தொங்கும். நான் பட்டியை மடித்துத் தைத்துச் சுருக்கினேன், நீ வளர வளர அவிழ்த்து நீட்டினேன். இப்போது அதில் மடிப்பே இல்லை.

தொண்ணூறில் மின்சாரம் நின்ற பிறகு யாழ்ப்பாணத்துக் கடைகளில் தந்தியும் இல்லாமல் போனது. சொல்லிவைத்ததுபோல மூன்றாம் தந்தி அறுந்தது. மீன்பிடிக்கிற வீட்டில் தங்கூசிக்கு, அந்த நைலோன் நூலுக்கு, என்ன குறைச்சல்? நான் ஒரு துண்டு தங்கூசியை எடுத்து இழுத்துக் கட்டினேன். விரலால் தட்டினால் நன்றாகத்தான் கேட்டது. டைனமோவில் ஓடுகிற றேடியோவில் கொழுவினால் மற்றத் தந்திகள் எல்லாம் பாட, அது மட்டும் ஊமை. நீ நிலத்தில் விழுந்து சிரித்தாய். "அம்மா, உதிலை மீன்தான் மாட்டும், பாட்டு மாட்டாது" என்றாய். நான் உனக்கு அடிக்கக் கை ஓங்கிவிட்டு, ஓங்கிய கையோடு யோசித்தேன். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. தந்திகளுக்குக் கீழே இருக்கிற அந்தக் கறுப்புப் பெட்டிக்கு, பிக்கப் என்று நீங்கள் சொல்கிறதற்கு, காது இல்லை. அதற்குள் இருப்பது காந்தம். காந்தத்துக்குச் சத்தம் தெரியாது, இரும்பைத்தான் தெரியும். தங்கூசி எவ்வளவு துடித்தாலும் அதற்கு ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு உன் அப்பாவின் சைக்கிளில் பின் பிறேக்குக் கம்பியைக் கழற்றினேன். முறுக்கைப் பிரித்து ஒற்றை இழையை எடுத்து, அதில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டைத் தொங்கவிட்டு நேராக்கினேன். அறுந்த தந்தியின் நுனியில் இருந்த பித்தளை வளையத்தைக் கழற்றி இதில் முறுக்கிப் பூட்டினேன். உன் அப்பா அதற்குப் பிறகு காலை நிலத்தில் தேய்த்துத்தான் சைக்கிளை நிறுத்தினார். "கிற்றாருக்குப் பிறேக் போட்டிட்டாள், எனக்குக் கழட்டிப்போட்டாள்" என்று சந்தியில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு நாளும் அந்தக் கம்பியைத் திருப்பிக் கேட்டதில்லை. மகனே, கலியாணம் கட்டப்போகிறவன் நீ. உன் அப்பாவிடம் படிக்க வேண்டியது இதைத்தான். பகிடி பண்ணு, சந்தியில் சொல்லிச் சிரி, ஆனால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்காதே.

புதுத் தந்தி பாடியது. பாடியது என்று சொல்லக் கூடாது, கத்தியது. மற்ற ஐந்தும் கோயிலில் முணுமுணுத்துச் செபம் சொல்ல, இது மட்டும் சந்தையில் மீன் விற்றது. ஏன் என்று நான் பல நாள் பார்த்தேன். பழைய மூன்றாம் தந்தியின் உள்ளே மெல்லிய இரும்பு, மேலே சுற்றிய சுருள். என் பிறேக்குக் கம்பியோ முழு இரும்பு, பழையதன் உள்கம்பியைவிடத் தடிப்பு. காந்தத்துக்கு அதிக இரும்பு கிடைத்தால் அதிகம் கேட்கும். பிக்கப்பின் மேலே தந்திக்கு ஒன்றாக ஆறு திருகாணித் தலைகள் நிற்கின்றன. திருகாணியை உயர்த்தினால் அது தன் தந்திக்குக் கிட்டப் போகும், தந்தியின் சத்தம் ஏறும். இறக்கினால் அடங்கும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. தையல் மெசினில் மேல்நூல் எவ்வளவு இறுகுவது என்பதை ஒரு திருகாணிதான் தீர்மானிக்கிறது. அதோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவளுக்கு இது பெரிய வித்தையில்லை. மெசின் லாச்சியில் கிடந்த சின்னத் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உனக்கு நினைவிருக்கும், மின்சாரம் இல்லாத வீட்டில் அது எப்படி நடந்தது என்று. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவின் வயரைப் பழைய கசெற் றேடியோவுக்குக் கொடுத்து, கிற்றாரை அதில் கொழுவி, அப்பாவை ஏற்றி மிதிக்க விட்டோம். அப்பாவுக்குக் களைத்தால் சத்தம் இறங்கும். எனக்கு அது திருகாணியால் இறங்கியதா, கிழவனால் இறங்கியதா என்று தெரியாது.

"ஒரே சீராய் மிதியுங்கோ. சத்தம் இறங்குது."

"எனக்கும்தான் இறங்குது. இஞ்சாரும், நான் இப்ப கொடிகாமம் தாண்டியிருப்பன். தேத்தண்ணி தாற எண்ணமில்லையோ?"

"இறங்கினால் பேந்து ஏறமாட்டியள். அம்பா பாடி மிதியுங்கோ."

கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்த காலம் அது. வலை இழுக்கிறபோது பாடுகிற அம்பாவை அவர் பாடத் தொடங்கினார், மிதி சீரானது. நீ ஒவ்வொரு தந்தியாகத் தட்டினாய், நான் கண்ணை மூடிக் கேட்டுக் கேட்டுத் திருகினேன். மூன்றாவதை நன்றாகப் பள்ளத்தில் இறக்கினேன். இரண்டாவதைக் கொஞ்சம் இறக்கினேன். நாலாவதை ஏற்றினேன். ஆறாவது தடித்த தந்தி, அதை ஏற்றினால் இன்னும் கனமாகக் கேட்கும் என்று நினைத்து ஏற்றிப் பார்த்தேன். அது ஒரு மாதிரி அலைந்தது. சுருதி நிற்கவில்லை, சத்தமும் கெதியாகச் செத்தது. காந்தம் மிகவும் கிட்டப் போனால் தந்தியைப் பிடித்து இழுக்கிறது, ஆட விடுவதில்லை. விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றால்தான் தந்தி தன் பாட்டுக்கு நின்று பாடும். இதை நான் எனக்கும் சொல்லிக்கொண்டேன். நீ கொழும்புத்துறையில் ஓடாவியாரின் பட்டறையில் தங்கி வேலை செய்யப் போகிறேன் என்று சொன்னபோது, "ஓம், போ மோனை" என்றேன் அல்லவா? வாய் சொன்னது. மனம் சொல்ல ஒரு கிழமை பிடித்தது.

கடைசியில் ஆறு தலைகளும் ஏறி இறங்கி, பார்க்க வடிவில்லாமல் நின்றன. கேட்க அப்படி இல்லை. நீ அன்றைக்கு ஒரு பாட்டை முழுதாக வாசித்து முடித்துவிட்டு, ஒரு பகிடியும் விடாமல் அதையே முதலிலிருந்து மறுபடி வாசித்தாய். எதற்கும் பகிடி விடுகிற வாய் அது. அப்பா மிதிப்பதை நிறுத்தி, "இப்ப ஆறு பேரும் ஒரு வள்ளத்திலை இருக்கினம்" என்றார்.

ஓடாவியாரின் மகள் றெஜினா முதன்முதல் எங்கள் வீட்டுக்கு வந்தது சட்டை தைக்க. உன்னைப் பார்க்கத்தான் வந்தாள் என்று நீ நினைத்துக்கொள்வாய், நினைத்துக்கொள். நான் அளவு நாடாவோடு நிற்க, அவள் சுவரில் தொங்கிய கிற்றாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, ஏன் உந்த ஒரு திருகாணி மட்டும் பள்ளத்திலை கிடக்கு?"

"அது பிறேக்குக் கம்பி, பிள்ளை. கிட்டப் போனால் கத்தும்."

"அப்ப அதுக்கு உதுதான் மட்டம்" என்றாள்.

நான் அவளுடைய தோள் அளவை இரண்டு தரம் எடுத்தேன். முதல் தரம் எடுத்தது மறந்துபோய்விட்டது. எத்தனையோ பேர் அந்தக் கிற்றாரைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. அவள் போன பிறகு உன் அப்பாவிடம், "உந்தப் பிள்ளையை விடக் கூடாது" என்று சொன்னது நான். சம்பந்தம் பேசச் சொன்னது நான். இதை நீ அறியாய், ஏனென்றால் நீதான் பெண்ணைக் கண்டுபிடித்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அதைக் கெடுப்பானேன் என்று நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டோம்.

இனி அநியாயத்துக்கு வருகிறேன். பட்டறையில் நடந்ததை நீயே வந்து என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். ஓடாவியார் கிற்றாரைப் பார்த்து, "உதென்ன உது, கிழவன்ரை பல்லு மாதிரி ஏறி இறங்கி நிக்குது?" என்று கேட்டாராம். "அம்மா வைச்சது மாமா" என்றாயாம். "கொம்மா துணி தைக்கிறவ. துணி வளைஞ்சு குடுக்கும். உது வளைஞ்சு குடுக்காது, மட்டம் பார்க்க வேணும்" என்று சொல்லி ரசமட்டத்தை எடுத்தாராம். அவர் கூரை போடுகிறவர், வள்ளம் கட்டுகிறவர். அவர் கட்டிய வள்ளம் ஒன்றும் சரிந்ததில்லை, அதை நான் எங்கேயும் சொல்வேன். மட்டமில்லாத ஒன்றைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. தன் மருமகனாக வரப்போகிறவனின் கிற்றாரைத் திருத்திக் கொடுப்பது அவருக்கு ஆசை. அதுவும் எனக்கு விளங்குகிறது. ஆனால் மட்டமாக்கினால் மட்டமாகத்தான் போகும். நீ அதை என்னிடம் சொல்லிச் சிரித்தபோது நான் சிரிக்கவில்லை என்பதைக்கூட நீ கவனிக்கவில்லை. "மாமா ஆசைப்பட்டார் அம்மா, எப்பிடி வேண்டாம் எண்டுறது?" என்றாய். வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. "அம்மாவைக் கேட்டிட்டுச் செய்வம் மாமா" என்று சொல்ல உனக்கு வாய் இருக்கவில்லையா? மாமனுக்கு ஓம் சொல்லத்தான் வேண்டும். அந்த ஓம் வீட்டிலிருக்கிறவளின் தலைக்கு மேலால் போகக் கூடாது. இன்றைக்கு அது என் தலை. நாளைக்கு றெஜினாவின் தலை. அதற்காகத்தான் இவ்வளவு கத்துகிறேன்.

குங்கிலியம் ஊற்றாமல் இருந்திருந்தால் நான் ஒரு பின்னேரத்தில் எல்லாவற்றையும் பழையபடி திருகிவிட்டு, முகத்தை ஒரு கிழமை தூக்கி வைத்திருந்துவிட்டு, மறந்திருப்பேன். நீ கிற்றாரைத் திரும்பப் பட்டறைக்கே கொண்டுபோய்விட்டாய். போன ஞாயிறு பூசைக்குத்தான் அதைக் கோயிலில் கண்டேன்.

கலியாணத்துக்கு முந்தி மூன்று ஞாயிறு வாசிக்கிற ஓலைகளில் உங்கள் இரண்டாம் ஓலையைச் சுவாமியார் வாசித்தார். உன் பேர், அவளுடைய பேர், பெற்றோர் பேர். "இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவர்கள்" என்று முடித்தார். கோயில் அமைதியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து நீ அடுத்த பாட்டுக்குச் சுருதி பார்க்க மூன்றாம் தந்தியைத் தட்டினாய். வீட்டில் டைனமோவில் கேட்டதுபோலவா? கோயில் ஜெனரேற்றரில், அந்தப் பெரிய ஒலிபெருக்கியில்! தகரத்தில் ஆணியால் கீறியதுபோல அது என் பல்லுக்குள் போனது. நான் எழும்பி நின்றுவிட்டேன். எழும்பிய பிறகுதான் எழும்பியது தெரிந்தது. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சுவாமியார் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "என்னம்மா?" என்றார்.

"மூண்டாவது சரியில்லை, சாமி" என்றேன்.

இதுதான் நான் சொன்னது. இதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. உன் அப்பா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து இருத்தினார். மத்தியானத்துக்குள் கதை சைக்கிளேறிக் கொழும்புத்துறைக்குப் போய்விட்டது. மூன்றாம் ஓலையை நான் வாசிக்க விடமாட்டேனாம். இல்லை, இடையில் ஒரு மூன்றாவது ஆள் இருக்கிறாளாம். இல்லை, பெண் பார்த்ததில் இவள் மூன்றாவதாம், முதல் இரண்டும்தான் எனக்குப் பிடித்ததாம். பக்கத்து வீட்டுப் பிலோமினாக்கா படலையில் வந்து நின்று, "அப்ப ஆரடி அந்த மூண்டாவது?" என்று மெல்லக் கேட்டாள். "தந்தி" என்றேன். "எங்கையிருந்து வந்த தந்தி? ஜெர்மனியிலையிருந்தோ?" என்றாள். அதோடு இப்போது ஜெர்மனியில் உனக்கு ஒருத்தி இருப்பதாகவும் ஒரு கதை ஓடுகிறது.

இவ்வளவையும் நான் சிரித்துத் தள்ளிவிடுவேன். ஊர்வாய்க்கு உலைமூடி போட முடியாது. ஆனால் றெஜினா அன்று சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். அடுத்ததாக நீ புதன்கிழமை, மூடிய கதவுக்கு வெளியே நின்று, பகிடி விட்டு முடித்து, நான் திறக்காததைக் கண்டு, குரல் மாறி, "அவளிலை என்ன குறையணை அம்மா? அதையாவது சொல்லு" என்றாய். அப்போது என் கால் மெசினில் நின்றுவிட்டது. ஊர் அப்படி நினைத்தால் நினைக்கட்டும். நீயும் நினைத்தாயா? என் பிள்ளையின் கலியாணத்தைக் கோயிலில் எழும்பி நின்று மறிப்பவளா நான்? கதவைத் திறக்க எழும்பினேன். அதற்குள் உன் சைக்கிள் மணி சந்தியில் கேட்டது.

ஆகவே கேள். அந்தப் பிள்ளையில் ஒரு குறையும் இல்லை. எனக்குக் குறை மூன்றாம் தந்தியில். அவளை மருமகளாகக் கொண்டுவர நான் நேர்த்தி வைத்திருக்கிறேன், அதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் மாட்டேன். இதை அவளுக்கு நீ வாசித்துக் காட்ட வேண்டாம். கடிதத்தை அவள் கையில் கொடு, அவளே வாசிக்கட்டும்.

இனி நடக்க வேண்டியது. சனிக்கிழமை பின்னேரம் எல்லோரும் இங்கே வர வேண்டும்.

ஓடாவியார் ஊற்றிய குங்கிலியத்தை ஓடாவியார்தான் எடுக்க வேண்டும். நெருப்புக் காட்டக் கூடாது, உள்ளே மயிர்போலச் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது, அதன் பூச்சு உருகினால் எல்லாம் போச்சு. காய்ந்த குங்கிலியம் உடையும், ஊசிமுனையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கலாம். அந்தக் கைக்கு அது பெரிய வேலையில்லை. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், சம்பந்திக்கு அது அழகில்லை. தேத்தண்ணியும் பனங்கட்டியும் இருக்கும். ரசமட்டத்தைப் பட்டறையில் விட்டுவிட்டு வரட்டும்.

நீ தந்திகளைத் தளர்த்திவிட்டு, அன்றைக்குப் பிடித்ததுபோலவே கிற்றாரை மடியில் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டு, "உங்களை இதிலை கை வைக்க விட முந்தி நான் அம்மாவைக் கேட்டிருக்க வேணும் மாமா" என்று ஒரு தரம் சொல்ல வேண்டும். என்னைப் பார்த்து இல்லை, அவரைப் பார்த்து, றெஜினா கேட்க. பகிடி சேர்க்கக் கூடாது.

அப்பா மிதிப்பார். இப்போதே முழங்காலுக்கு எண்ணெய் பூசத் தொடங்கிவிட்டார். பிலோமினாக்காவுக்குத் தந்தி என்றால் எது என்று கையால் தொட்டுக் காட்டுவதும் அவருடைய பொறுப்பு.

றெஜினா றேடியோவுக்கு முன்னால் இருந்து கேட்க வேண்டும். ஏற்றச் சொன்னால் ஏற்றுவேன், இறக்கச் சொன்னால் இறக்குவேன். அவள் போதும் என்கிற இடத்தில் திருப்புளியை எடுப்பேன். எனக்குப் பிழையாகக் கேட்டால் இன்னொரு தரம் கேள் பிள்ளை என்று சொல்வேன். எத்தனை தரமானாலும் சொல்வேன். ஆனால் அவள் சொன்ன இடத்தில்தான் அது நிற்கும்.

நான் செய்ய வேண்டியது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்னுக்குப் போய் இருப்பது. மூன்றாம் ஓலை வாசித்து, தடை உண்டா என்று சுவாமியார் கேட்கிறபோது, மூன்றாம் தந்தி என்னதான் கத்தினாலும் நான் எழும்பமாட்டேன்.

ஆனால் அது கத்தக் கூடாது.

அம்மா